மறுபடியும் பிறந்தும் மாறாத சாதி

ஏதாவது ஒரு கிறிஸ்தவ மாத இதழின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மணமகன் தேவை, மணமகள் தேவை என்று கட்டம் கட்டி விளம்பரங்கள் இருக்கும். இரட்சிக்கப்பட்ட பெண் வேண்டும். ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். ஜெப வாழ்க்கை வேண்டும். ஊழிய பாரம் இருந்தால் இன்னும் விசேஷம். இவ்வளவும் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே சாதியின் பெயரும் இருக்கும். சில விளம்பரங்களில் உட்பிரிவு வரைக்கும் இருக்கும்.

ஒருவன் மறுபடியும் பிறக்காவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காண முடியாது என்று இயேசு நிக்கொதேமுவிடம் சொன்னதாக யோவான் 3ம் அதிகாரம் சொல்கிறது. நிக்கொதேமு படித்தவன். ஆனாலும் குழம்பிப் போனான். வயதான மனிதன் திரும்பவும் தாயின் வயிற்றுக்குள் போக முடியுமா என்று கேட்டான். தமிழ்க் கிறிஸ்தவனுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. தாராளமாக மறுபடியும் பிறக்கலாம். ஒரே ஒரு நிபந்தனைதான், முதலில் பிறந்த அதே சாதியில் பிறக்க வேண்டும்!

வேதாகமத்தை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிக்க வேண்டும் என்று எல்லாப் போதகர்களும் பிரசங்கம் செய்கிறார்கள். நல்லதுதான். சினிமா பார்க்காதே, சிகரெட் பிடிக்காதே, குடிக்காதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதே, தசமபாகத்தை மறக்காதே... இந்தப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அன்றாட வாழ்க்கை என்பது இது மட்டுமா? யாரோடு சாப்பிடுகிறாய், யாரை வீட்டுக்குள் கூப்பிடுகிறாய், யாருக்குப் பெண் கொடுக்கிறாய், செத்த பிறகு யார் பக்கத்தில் படுக்கிறாய், இதெல்லாம் அன்றாட வாழ்க்கையில் சேராதா? இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் பிரசங்கம் சட்டென்று பரலோகத்துக்குப் போய்விடுகிறது.

வேதாகமம் சாதியைப் பற்றிப் பேசவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அந்த வார்த்தை அதில் இல்லைதான். ஆனால் விஷயம் இருக்கிறது, அதுவும் நேரடியாகவே இருக்கிறது.

கலாத்தியர் 2ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தியோகியா சபையில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில யூதர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பயந்து பேதுரு மெல்ல எழுந்து விலகிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும், பர்னபாவும்கூட, விலகினார்கள். பேதுரு அங்கே எந்தப் பொய் உபதேசமும் செய்யவில்லை, விக்கிரகத்தை வணங்கவில்லை. ஒரு பந்தியிலிருந்து எழுந்து இன்னொரு பந்திக்குப் போனார், அவ்வளவுதான். அதற்குத்தான் பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு மாறானது என்றே எழுதி வைத்தார். தலைமை அப்போஸ்தலனுக்கே இந்த விஷயத்தில் சலுகை கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரன் வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிக்கிற சபை மூப்பருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

யாக்கோபு 2ம் அதிகாரம் ஆலயத்தில் உட்காரும் இடத்தைப் பற்றியே பேசுகிறது. மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தல் உடுத்தியவனுக்குக் காலடியில் இடம் என்று கொடுப்பது பாவம் என்று சொல்கிறது. ஒழுக்கக்குறைவு என்றல்ல, பாவம் என்றே சொல்கிறது. 1 கொரிந்தியர் 11ல் திருவிருந்துக்குக் கூடிவந்த இடத்தில் சிலர் வயிறு நிறையச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றதற்காகப் பவுல் சபையைக் கடுமையாகச் சாடுகிறார். இப்படிக் கூடுவது நன்மையைவிடத் தீமையைத்தான் தருகிறது என்று சொல்லும் அளவுக்குப் போகிறார். சமாரியப் பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்டதும், அவளே ஆச்சரியப்பட்டதும் யோவான் 4ல் இருக்கிறது. யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பது தமிழ்நாட்டு வாசகனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன?

ஆக, வேதம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள் செய்த கதைதான் வேறு.

இது நேற்று வந்த நோயில்லை. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினரைச் சேர்ப்பதற்காகக் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, மற்ற சாதியினரிடமிருந்து ஒதுங்கி வாழ்ந்தார். கொஞ்ச காலத்தில் அதே மிஷனில் உயர்சாதியினருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று இரண்டு வகை ஆனது. 1706ல் தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வந்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பெருமை அந்த மிஷனுக்கு உண்டு. ஆனால் அதே மிஷனின் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கமும் இருந்தது. அச்சில் யாக்கோபு 2 வந்துவிட்டது, பாயில் வரவில்லை. பல வருடங்கள் உபதேசியாராக உழைத்த ராஜநாயக்கன் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அவருக்குக் கடைசிவரை குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள்.

எதிர்த்தவர்களே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 1833ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும், திருவிருந்தில் வித்தியாசம் இருக்கக்கூடாது என்றார். விளைவு? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நூற்றுக்கணக்கானவர்கள் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள். தஞ்சையின் புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றவர்தான். இன்றைக்கும் அவருடைய கீர்த்தனைகள் எல்லா ஆலயங்களிலும் பாடப்படுகின்றன. பாட்டு நல்ல பாட்டுதான், அதில் சந்தேகமில்லை. நல்ல பாட்டு எழுதுகிற கை, பக்கத்தில் உட்கார்ந்தவனைத் தள்ளி உட்காரச் சொல்லவும் செய்யும் என்பதுதான் இதில் உள்ள பாடம். 1850ல் சென்னை மிஷனெரி மாநாடு கூடி, சாதியைக் கைவிடாதவர்களைச் சபையில் சேர்க்கக்கூடாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சம்மதிப்பதே அதற்கு அடையாளம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1872ல் அங்கே கட்டிய கத்தோலிக்க ஆலயம் காற்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். பீடம் மட்டும் பொது. கட்டடக் கலைக்கே தமிழ்க் கிறிஸ்தவம் கொடுத்த கொடை இது! 1910ல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே, சுவர் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆலயத்துக்குள் சாதிப்படி தனி இடம் கேட்க உரிமையில்லை என்று 1917ல் தீர்ப்பு வந்தது. கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை, கடைசியில் நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இரண்டு சம்பவங்கள்.

2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஆலயத்திலும் கல்லறையிலும் பாகுபாடு காட்டப்படுவதாகச் சொல்லித் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். மோதல் வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள், ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள்.

திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளையும் மற்றவர்கள் கல்லறைகளையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களின் கல்லறை அது! கடைசி எக்காளம் தொனிக்கும்போது இந்தப் பக்கம் எழுந்தவர்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமோ என்னவோ. 2010ல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். இடித்தது ஆயரோ, பங்குப் பேரவையோ, இளைஞர் இயக்கமோ இல்லை. கடவுளே இல்லை என்று சொல்கிற பெரியார் இயக்கத்துக்காரர்கள். இரண்டு ஜனங்களுக்கு நடுவே நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசியர் 2ம் அதிகாரத்தில் படிக்கிறவர்கள் சுவரைக் கட்டினார்கள். அதைப் படிக்காதவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். இதற்கு மேல் ஒரு உவமை தேவையா?

இது வெளியாள் சொல்லும் குற்றச்சாட்டும் இல்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. இந்தியாவின் சுமார் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்றும் அது சொன்னது. அதாவது ஓரங்கட்டப்பட்டவர்கள் ஒரு சிறுபான்மை இல்லை. அவர்கள்தான் சபை.

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இந்துக்கள் மட்டுமே இருக்க முடியும். 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை என்று சபைத் தலைவர்கள் ஊர்வலம் போனார்கள், மனு கொடுத்தார்கள், 2004ல் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் அவர்களைச் சேர்க்கலாம் என்றே பரிந்துரைத்தது. கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. ஆனால் டெல்லியில் போய், கிறிஸ்தவர்களுக்குள்ளும் சாதி இருக்கிறது என்று சாட்சி சொல்கிற சபை, ஊருக்குத் திரும்பி வந்ததும் இங்கே சாதியே இல்லை என்று பிரசங்கம் செய்வது எந்த ஊர் நியாயம்? அரசாங்கத்திடம் கேட்கும் நீதியில் கால்வாசியை சபைக் கமிட்டியிலேயே கொடுக்கலாமே? அதற்கு நாடாளுமன்றத் தீர்மானம் தேவையில்லை.

சரி, சாக்குகளுக்கு வரலாம். வழக்கமாக நான்கு சொல்லப்படும்.

முதல் சாக்கு: சாதி என்பது கலாச்சாரம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. பேதுரு பந்தி மாறியதும் கலாச்சாரம்தான். யூதனுக்கு அது பல தலைமுறை வழக்கம். பவுல் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. மேலும், பொட்டு வைப்பதும், பொங்கல் வைப்பதும், தீபாவளிப் பலகாரம் வாங்கிச் சாப்பிடுவதும் கலாச்சாரம்தானே? அதையெல்லாம் புறஜாதி வழக்கம் என்று தள்ளிவிட்டு, சாதியை மட்டும் கலாச்சாரம் என்று மடியில் வைத்துக்கொள்வது என்ன கணக்கு? பக்கத்து வீட்டு அதிரசம் தீட்டு, பக்கத்து வீட்டுச் சாதி ஆசீர்வாதமா?

இரண்டாவது சாக்கு: கல்யாணம் அவரவர் சொந்த விஷயம், ஆபிரகாமே தன் மகனுக்குத் தன் இனத்தில்தானே பெண் பார்த்தான்? இதை ஆதியாகமம் 24ஐக் காட்டிச் சொல்வார்கள். அப்படியானால் அந்த அதிகாரத்தை முழுசாகக் கடைப்பிடிக்கலாமே. அங்கே நகையும் பரிசும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போனது. அடுத்த தலைமுறையில் யாக்கோபு இரண்டு பெண்களைக் கட்ட மாமனார் வீட்டில் பதினான்கு வருஷம் உழைத்தான். அந்தப் பகுதியெல்லாம் கலாச்சாரம், சொந்தத்தில் பெண் எடுப்பது மட்டும் வேத வாக்கியமா? யோசேப்பு எகிப்தியப் பூசாரியின் மகளைக் கட்டினான். மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டினார். அதற்காக முணுமுணுத்த மிரியாமுக்குத்தான் குஷ்டம் வந்ததே தவிர மோசேக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரலாற்றில் கானானியப் பெண் ராகாபும் மோவாபியப் பெண் ரூத்தும் இருக்கிறார்கள். இரட்சகரின் குடும்பமே கலப்புக் குடும்பம். இன்றைய சபையில் அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தம் கிடைப்பதே கஷ்டம்தான்.

அவிசுவாசியோடு பிணைக்கப்படக்கூடாது என்ற 2 கொரிந்தியர் 6ம் அதிகாரத்தை எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படியானால் விசுவாசியோடு பிணைக்கப்படலாம் என்றுதானே அர்த்தம்? சபையிலேயே, அதே பாடகர் குழுவிலேயே பாடுகிற விசுவாசி பெண்ணை மகன் காட்டினால் ஏன் அம்மாவுக்கு நெஞ்சுவலி வருகிறது? அந்த வசனம் விசுவாசத்தைக் காப்பதற்காகச் சொல்லப்படவில்லை, வேறு எதையோ காப்பதற்காகத்தான் என்பது அந்த நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது சாக்கு: ஆத்தும ஆதாயம்தான் சபையின் வேலை, சமூக சீர்திருத்தம் இல்லை. ஆமோஸ் 5ம் அதிகாரத்தில் தேவன் பண்டிகைகளையும் பாட்டுகளின் சத்தத்தையும் வெறுக்கிறேன் என்கிறார், நியாயத்தைக் கேட்கிறார். சண்டை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ல் இயேசு சொல்கிறார். ஞாயிறு காணிக்கைப் பையை இந்த வசனப்படி நடத்தினால் முக்கால்வாசிப் பை காலியாகத்தான் திரும்பும். அயலானிடம் அன்பாயிருப்பதைச் சமூக சீர்திருத்தம் என்று ஒதுக்கினால் மிச்சம் இருப்பதற்குப் பெயர் கிறிஸ்தவம் இல்லை, ஆயுள் காப்பீடு.

நான்காவது சாக்கு: இதையெல்லாம் வெளியே பேசினால் மற்ற மதத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. வேதாகமம் தன் ஆட்களின் அழுக்கை எங்கே மறைத்தது? தாவீதின் விபசாரமும் இருக்கிறது, பேதுரு மறுதலித்ததும் இருக்கிறது, அந்தியோகியா சண்டையும் இருக்கிறது. மறைப்பதுதான் சாட்சி என்றால் அதை எழுதியவர்களே முதல் குற்றவாளிகள்.

சபை ஒன்றுமே செய்யவில்லை என்பது இதற்கு அர்த்தமில்லை. பள்ளிக்கூடத்து வாசல் மூடியிருந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த மிஷன் பள்ளிகள் உண்டு. எல்லோர் காயத்தையும் ஒரே கையால் கட்டிய ஆஸ்பத்திரிகள் உண்டு. தென்மாவட்ட சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. ஊரே கூடி, பெரிய அண்டாவில் சோறு வடித்து, குழம்பு காய்ச்சி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 1850 மாநாடு கேட்ட அடையாளம் அதுதான், கொரிந்தியருக்குப் பவுல் கேட்டதும் அதுதான். வழி தெரியாத சபை இல்லை இது. வருஷத்தில் ஒரு நாள் நடந்து காட்டுகிற வழியை மற்ற 364 நாளும் மறந்துபோகிற சபை. இலையை எடுத்துவிட்டுக் கை கழுவும்போதே எல்லாம் கழுவிப் போய்விடுகிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். சாதிப் பெயரோடு வரும் திருமண விளம்பரத்தைப் போடமாட்டோம் என்று ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை ஆசிரியர் முடிவெடுக்கலாம். கல்லறையில் வரிசைப்படி குழி, குடும்பப்படி இல்லை என்று ஒரு சபைக் கமிட்டி தீர்மானம் போடலாம். தேர்த்திருவிழாவில் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகும், இல்லையென்றால் எந்தத் தெருவுக்கும் போகாது என்று ஒரு பங்குத்தந்தை சொல்லலாம். சபைத் தேர்தலில் நம்ம ஆள் என்று ஓட்டுக் கேட்டு வருபவருக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே ஓட்டுப் போடாமல் இருக்கலாம். வீட்டில் பெண் பார்க்கும்போது தரகர் கேட்கிற முதல் கேள்விக்கு, அது தேவையில்லை என்று ஒரு பையன் சொல்லலாம். இதற்கெல்லாம் வேத பாடசாலைப் பட்டமும் தேவையில்லை, உபவாசக் கூட்டமும் தேவையில்லை.

ஆனால் இது எதுவும் சும்மா நடக்காது. சொந்தக்காரர்கள் பேசமாட்டார்கள், கல்யாணத்துக்குக் கூட்டம் குறையும், சபையில் இரண்டு பெரிய காணிக்கைக் கவர்கள் நின்றுபோகும். 1833ல் வில்சனுக்கும் அதுதான் நடந்தது. சிகரெட்டை விடுவதற்கு ஒருவன் யாரையும் இழக்க வேண்டியதில்லை. சாதியை விடுவதற்கு இழக்க வேண்டும். பட்டியலில் சிகரெட் இருப்பதற்கும் சாதி இல்லாததற்கும் காரணம் இதுதான், வேறு எந்த இறையியலும் இல்லை.

சிலுவையைச் சுமந்துகொண்டு பின்னால் வரச் சொன்னவர், சிலுவை எவ்வளவு கனமாக இருக்கும் என்று மறைக்கவில்லை. கழுத்துச் சங்கிலியில் தொங்குகிற அளவுக்கு அதைச் சின்னதாக்கிக்கொண்டது பின்னால் வந்தவர்களின் வேலை.